காலியென்று காட்டிய பார்ட்டிஷன்

டேட்டாபேஸை நிறுத்திப் பத்து நிமிடம் ஆகியும் டிஸ்க்கின் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. எழுத எதுவும் இல்லாதபோதும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. இருந்த கோபத்தில் பிரபாவுக்கு அது உறைக்கவில்லை.

ஞாயிறு மதியம். பீன்யா தொழிற்சாலையில் ஷிப்ட் இல்லை. சர்வர் அறையில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் அவளும் மேனேஜர் ஸ்ரீஹர்ஷாவும் மட்டும்.

“யாரைக் கேட்டு இந்த டிஸ்க்கை ஃபார்மேட் போட்டீங்க, சார்?”

“காலியா இருந்துச்சு பிரபா. ஒரு ஃபைல்கூட இல்ல.”

“அது ரா பார்ட்டிஷன். டேட்டாபேஸ் நேரடியா டிஸ்க்ல எழுதும். ஃபைல்னு ஒண்ணு அதுல இருக்கவே இருக்காது. இது உங்களுக்குத் தெரியாதா?”

“ஆனது ஆச்சு. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ,” என்றான் பாதி கன்னடத்தில்.

தெரியும். தெரிந்தேதான் செய்தான். இரும்புத் தகடு அழுத்தும் நான்காம் எண் பிரஸ்ஸின் ஒவ்வொரு அசைவும் அதில் பதிவாகியிருந்தது. மூன்று மாதம் முன்பு வெங்கடசாமியின் வலது கை அந்தப் பிரஸ்ஸில் நசுங்கியது; ஆள் பிழைக்கவில்லை. கை உள்ளே இருந்தால் பிரஸ்ஸை நிறுத்துகிற சென்சாரை, உற்பத்தி குறைகிறதென்று யாரோ அணைத்திருந்தார்கள். யார் என்பதும் அதில் இருந்தது. நாளை லேபர் கோர்ட்டில் வெங்கடசாமியின் மனைவி பாஞ்சாலிக்கு வேறு சாட்சி கிடையாது.

“ஃபார்மேட் போட்டா எல்லாம் அழிஞ்சுடும்னு நினைச்சீங்களா? அங்கங்க கோடு போட்டுட்டு மிச்சத்தை அப்படியே விட்டுடும். ஒவ்வொரு பிளாக்கா படிச்சு எடுக்கறேன், பாருங்க.”

“மெயினை ஆஃப் பண்ணா எதைப் படிப்ப?”

இரும்புப் படிகளில் அவன் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. மெயின் சுவிட்ச் கீழே, நான்காம் எண் பிரஸ்ஸை ஒட்டி இருந்தது.

ஏசியின் இரைச்சலும் சூடேறிய தூசியின் வாடையும் சூழ, பல்லைக் கடித்துக்கொண்டு, திரையில் ஓடிய அர்த்தமில்லாத எழுத்துக் குப்பைக்குள் அவள் ஒவ்வொரு வரியாகத் தேடினாள். கிடைத்தது. சென்சார் அணைப்பு: ஸ்ரீஹர்ஷா. அடுத்த வரியில் வெங்கடசாமி. கை உள்ளே.

பென் டிரைவில் நகல் எடுத்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த பிளாக்கையும் திறந்தாள்.

பதிவுகள் தொடர்ந்தன.

விபத்தன்றே அந்தப் பிரஸ்ஸின் வயரை வெட்டி சீல் வைத்துவிட்டார்கள். ஆனாலும் மறுநாள் வெங்கடசாமி பெயரில் ஒரு வரி. அதற்கடுத்த நாள் ஒன்று. கை உள்ளே. கை உள்ளே. தினமும். நேற்றும்.

இன்றும்.

நேரம் 3:12. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். 3:12.

பிரஸ் 4. ஸ்ரீஹர்ஷா. கை உள்ளே.

கீழே ஒரே ஒரு இடி. தரை அதிர்ந்தது. அலறல் இல்லை. கரண்டும் போகவில்லை. மெஷின் எண்ணெய் வாடை மேலேறி வந்தது.

படிகளில் காலடி. மெதுவாக. ஒவ்வொன்றாக.

கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்ரீஹர்ஷா நின்றான். முகத்தில் அதே எரிச்சல்.

“மெயின் சுவிட்சைப் பிடிக்கவே முடியல. சனியன். அந்தப் பென் டிரைவைக் குடு.”

வலது கையை நீட்டினான். மணிக்கட்டுக்கு அப்பால் அது தகடாக இருந்தது. ஐந்து விரலும் விரிந்து, காகிதக் கனத்தில், ஏசிக் காற்றில் லேசாக ஆடின.

“என்ன பார்க்கற? குடு.”