கறுப்புக் கிழங்கு

குளியலறை காலையிலிருந்து காய்ந்து கிடந்தது. கூடத்து டைல்ஸில் மட்டும் ஈரக் கால்தடங்கள் இருந்தன. அப்சல் செருப்பைக் கழற்றி, ஒரு தடத்தின் மேல் தன் காலை வைத்துப் பார்த்தான். பெருவிரலிலிருந்து குதிகால் வரை அச்சாகப் பொருந்தியது.

"ஷர்மின், தண்ணி எதுவும் கொட்டுனியா?"

"நான் எங்க கொட்டுனேன்? நீங்கதான் இப்பப் பின்வாசல் வழியா வந்தீக," என்றாள் அவன் மனைவி, அடுப்படியிலிருந்தே. "கூப்பிட்டதுக்குத் திரும்பிக்கூடப் பாக்கல. அப்படி என்ன தொரைக்குக் கோவம்?"

அவன் அப்போதுதான் முன்வாசல் வழியாக வந்திருந்தான்.

தடங்கள் படுக்கையறைக்குள் போயிருந்தன. உள்ளே யாருமில்லை. மெத்தையில் அவன் படுக்கும் பக்கம், ஒரு ஆள் நீளத்துக்கு நனைந்திருந்தது. சேற்று வாடை. எங்கோ முகர்ந்த வாடை என்று அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் அவனைக் கூசவைத்தது.

கம்பம் ஊருக்கு வெளியே, வீட்டுக்குப் பின்னால் நர்சரி வைத்திருக்கிற அப்சலை அந்தச் சதுப்புக்குக் கூட்டிப்போனவன் அழகர். கூடப் படித்தவன், மலையில் தினக்கூலிக்கு வனக்காவல் பார்க்கிறவன். மேகமலைக்கு மேலே, புல்மேடுகள் இறங்கிச் சேருமிடத்தில், தண்ணீரும் கறுத்த சேறுமாகக் கிடந்த அந்தப் பள்ளம் முழுக்க முழங்கால் உயரத்துக்கு வெள்ளை ஆர்க்கிட் பூத்திருந்தது. பகலெல்லாம் வாசனையே இல்லாமல் நின்ற பூ, வெயில் இறங்கியதும் மூச்சு விட்டதுபோல ஒரே நேரத்தில் மணந்தது. "செருப்பக் கழட்டு மாப்ள, கீழ கெழங்கு நசுங்கிரும்," என்றான் அழகர். அங்கே அவன் எப்போதும் வெறுங்காலோடுதான் இறங்குவான். "பாத்தாச்சுல்ல? மறந்துரு."

அப்சல் மறக்கவில்லை. சாக்கோடு தனியாகப் போனான். கிழங்கு நசுங்கக் கூடாதென்று, அவனும் வெறுங்காலோடு இறங்கி, ஒன்று விடாமல் தோண்டினான்.

ஒவ்வொரு செடிக்கும் அடியில் இரண்டு கிழங்கு. ஒன்று வெள்ளையாக, திரண்டு, பிள்ளையின் மூடிய கை மாதிரி. மற்றது கறுத்து, சுருங்கி, சூம்பிப்போனது. வாழைக் கன்றில் அழுகலைச் சீவிச்சீவிப் பழகிய நர்சரிக்காரனின் கை, யோசிக்காமல் கறுப்பையெல்லாம் கத்திரியால் நறுக்கி, கொல்லை உரக்குழியில் எறிந்தது. கறுப்புதான் தாய், தன்னிடம் உள்ளதையெல்லாம் பூவுக்கும் பக்கத்துக் கிழங்குக்கும் கொடுத்துக் கொடுத்துத்தான் அது அப்படிச் சூம்பியது என்று பிறகுதான் செல்போனில் படித்தான். அதற்குள் தொட்டியில் நட்டிருந்ததெல்லாம் தலை சாய்ந்துவிட்டது. மேலே பள்ளத்திலும் இல்லை, இங்கேயும் இல்லை.

செல்போன் அடித்தது. அழகர். அப்சல் எடுத்தான்.

"மாப்ள, பள்ளத்துல பூவெல்லாம் காணோம்னு காலைல ரேஞ்சு ஆபீசுக்கு விசாரணைக்கு வரச்சொல்லியிருக்காக. அங்கன கெடந்த வெறுங்கால் தடம் என்னோடதாம். ஒன்னையக் கூட்டிட்டுப் போனதச் சொன்னேன். ஒருவேள நீ எடுத்திருப்பியோன்னு கேட்டாக. செத்தாலும் எடுக்க மாட்டான்னு அடிச்சுச் சொல்லிட்டேன். நீ வந்து, நாம பூவத் தொடலன்னு ஒரு வார்த்த சொல்லு."

"லோடு ஒண்ணு வருதுடா. பாக்கறேன்."

"சரி சரி, மொதல்ல லோடப் பாரு," என்று அழகர் சிரிக்கப் பார்த்தான். "வேல போச்சுன்னா ஒன் நர்சரிக்குத்தான் களை எடுக்க வரணும்."

அப்சல் செல்போனை அணைத்தான். காது மடல் எரிந்தது. தனியாக நின்றபோதும் யாரோ பார்க்கிற மாதிரி தலை குனிந்துகொண்டது.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு ஓய்ந்தபோது, கொல்லையிலிருந்து அந்தப் பூவின் வாசனை வந்தது.

ஒரு செடிகூட உயிரோடு இல்லை. அவனுக்குத் தெரியும். இருந்தும் வாசனை கனத்தது, அடியில் சேற்றின் புளிப்போடு, தொண்டை வரை இறங்கியது. பின்வாசலைத் திறந்தான். ஈரத்தடங்கள் உரக்குழியிலிருந்துதான் கிளம்பியிருந்தன. போனதற்கான தடம் இல்லை. வந்ததற்கு மட்டும்தான்.

குழியில் காய்ந்த சருகுதான் கிடக்கும். இப்போது கறுத்த தண்ணீர் தளும்பியது. குனிந்து பார்க்க ஓரத்தில் கால் வைத்தான். கணுக்கால் வரை புதைந்தது. இழுத்தான். வரவில்லை. மற்ற காலை ஊன்றினான். அதுவும்.

சில்லிப்பு ஏறியது. முழங்கால். இடுப்பு. ஷர்மினைக் கூப்பிட்டான். வாயில் சேறு. கையைத் தூக்கினான். விரல்கள் சுருங்கியிருந்தன. கறுப்பாக.

அடுப்படி ஜன்னலில் விளக்கு எரிந்தது. உள்ளே ஷர்மின் யாருடைய தலையையோ துண்டால் துவட்டிக்கொண்டிருந்தாள். "எங்கன போயி இப்படி நனைஞ்சீக?" என்றாள் செல்லக் கோபமாக. வெளுத்த கழுத்து. திரண்ட தோள். அவனுடைய முகம், பத்து வருஷம் இளையது. காதில் அவனுடைய செல்போன்.

"அழகரு, நான்தான்டா," என்றது அவனுடைய குரல். "தோண்டுனது நான்தான். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். காலைல நானே வந்து சொல்றேன்."

எத்தனை நாளாகத் தொண்டையில் நின்ற வார்த்தை. எவ்வளவு லேசாக வந்துவிட்டது. குழிக்குள் அப்சலுக்கு அழுகை முட்டியது. கண்ணில் வர ஈரமில்லை.

ஷர்மின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அவன் கையை ஆட்டினான். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க, உரக்குழியில என்னமோ கறுப்பா அழுகிக் கெடக்கு."

"நீ உள்ள போ. நான் பாத்துக்கறேன்."

ஆணியில் தொங்கிய கத்திரி இறங்கியது. இரண்டு வெள்ளைக் கால்கள், செருப்பில்லாமல், எதையும் நசுக்கிவிடக் கூடாதென்பதுபோலப் பார்த்துப் பார்த்துப் படியிறங்கி வந்தன.