எட்டாவது வட்டம்

யாரும் தொடாமலேயே எட்டாவது வட்டத்தின் விளக்கு எரிந்தது.

டெனிஷ் கையில் சால்டரிங் அயனோடு அப்படியே நின்றான். பேச்சிப்பாறை மழை மத்தியானத்திலிருந்தே ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருக்க, வீடு முழுக்க ஈயப் புகையும் ரப்பர் ஷீட்டின் புளித்த நாற்றமும் கலந்து மூக்கில் அப்பியிருந்தது. சர்ச் கேரலுக்காக அவனே செய்யும் டிரம் பெட்டி அது. எட்டு ரப்பர் வட்டங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் அதிர்வை உணரும் ஒரு வில்லை. விரலால் தட்டினால் வட்டத்தின் ஓரத்து விளக்கு எரியும், லேப்டாப்பில் முரசு ஒலிக்கும். ரப்பர் தோட்டம் வைத்திருப்பவன் ரப்பரைக் கடையில் போய் வாங்குவானா என்ற வீம்பில், பாலைத் தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு, அவனே உறைய வைத்தான். ஏழு வட்டத்தோடு பால் தீர்ந்துவிட்டது. எட்டாவதற்கு, பால்வெட்டும் ராஜையன் கத்தி வைக்காமல் விட்டிருந்த மூலை மரத்தைக் கீறினான். அதன் மூட்டில், வேரோரமாகத்தான், பெயரிடுமுன்னே இறந்துபோன அவனுடைய முதல் பிள்ளையை அடக்கியிருந்தார்கள். மரம் மரந்தானே என்று அன்றைக்குத் தோன்றியது.

டும்.

மழையின் அதிர்வாக இருக்கும். தொட்டிலில் தூங்கும் சின்னவள் விழித்துவிடுவாளே என்று பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது. ஆனால் இப்போது ரப்பரிலிருந்தே சத்தம் வந்தது, பிள்ளை உள்ளங்கையால் தரையைத் தட்டுவதுபோல.

போன் அடித்தது. டியூட்டியிலிருந்து மனைவி பெமிலா.

"பிள்ள எழும்பினாளா?"

"இல்ல. ஏட்டி... நான் அந்த மூல மரத்துல கொஞ்சம் பால் எடுத்தேன்."



"மூத்தவளுக்க மரத்தையா வெட்டினிய?" அவள் கத்தினாள். "சின்னவள தூக்கிட்டு எங்க அம்மைக்க வீட்டுக்குப் போங்க. இப்பமே போங்க."

எட்டாவது வட்டத்தின் ரப்பர் உள்ளிருந்து உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது.

பிறகு ஓசையே இல்லை.

அடுத்த அறையில் தொட்டில் கயிறு கிறீச்சிட்டது.

ஒன்றைப் புதைத்தவனுக்கு இன்னொன்றையும் இழக்கத் தெம்பில்லை. ஓடினான். சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாரியெடுத்துத் தோளில் போட்டான். உடம்பு சூடாக இருந்தது. மூச்சு இருந்தது. கர்த்தரே, ஸ்தோத்திரம்.

திரும்பினான்.

பிள்ளையைத் தூக்கிய பிறகும் தொட்டில் சேலை மேலேறவில்லை. அதே பாரத்தில் தாழத் தொங்கியது. மெல்ல ஆடியது.

சேலைக்குள் ஒன்று ஒருக்களித்துப் படுத்தது.