பல்லில் கடித்த பறி

பச்சையம்மா கரையேறி வீட்டுக்குள் வந்த பிறகும் பறியை வாயிலிருந்து எடுக்கவில்லை.

ஏரியில் இறால் தடவுகிற பெண்களுக்கு இரண்டு கையும் சேற்றுக்குள் வேண்டும். அதனால் பறி என்கிற பனையோலைக் கூடையின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு முழங்காலால் நகர்ந்து போவார்கள். கரைக்கு வந்து அதைக் கீழே வைத்ததும் ஆரம்பிக்கும் பேச்சு இருக்கிறதே, அப்பப்பா, பசியாவரம் குப்பம் முழுக்கக் கேட்கும். முனியம்மாளின் ஒற்றை மகளான பச்சையம்மா அதிலும் பெரிய வாயாடி. இன்று ஈரத் துணியோடு அடுப்பருகே உட்கார்ந்து, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலிப் பறியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது? எடுடி கீழ."

மகள் அசையவில்லை. முனியம்மாள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். இவளுமா?

எல்லாம் தருமலிங்கத்திடம் ஆரம்பித்தது. உலாந்தாக்காரர் என்கிற டச்சு வெள்ளைக்காரரின் கப்பலுக்குச் சரக்கு ஏற்றப் போன படகு கவிழ்ந்து அவன் மகன் செத்த அன்று, அழுகையை அடக்க ஒரு பறியைக் கடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தான் பாவி மனுஷன். ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மண்மூடி ஊரே பட்டினி கிடந்த நேரம் அது. அன்று மாலையே மண் உடைந்து கடல் உள்ளே வந்தது, மீனும் வந்தது. அவன் கடித்ததால்தான் மீன் வந்தது என்று நம்பி, மறுநாள் அதே ஊர்க் குப்பம்மா ஒரு பறியைக் கடித்தபடி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு இன்னும் சிலர். மீன் மறுபடி நின்றபோது, கடித்தவர்கள் போதவில்லை என்று ஊர் முடிவு செய்துகொண்டது.

முனியம்மாள் மகளின் தாடைக்குள் விரலை விட்டு இழுத்துப் பார்த்தாள். விரலில்தான் ரத்தம் வந்தது. எழுந்து தருமலிங்கத்தின் குடிசைக்கு ஓடினாள்.

அவன் கதவுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். படையலாக வந்த கருவாடு தொடப்படாமல் நாறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, எம் பொண்ணுகிட்ட பறிய உட்டுடச் சொல்லுண்ணே. நீ சொன்னா கேப்பா."

"நான் இன்னா சொன்னேன், முனியம்மா? அழாம இருக்கத்தானே கடிச்சேன். வேணாம்னு சொன்னா, சாமி நம்மளைச் சோதிக்குதுன்றாங்க. எனுக்கே பயமாருக்குது."

"எல்லார் எதிர்லயும் வந்து சொல்லு. உன் காலைப் பிடிச்சிக்கிறேன்."

வந்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரை நெடுக ஆணும் பெண்ணும் பறியைக் கடித்தபடி நின்றார்கள். மூச்சு விடும் சத்தம் மட்டும் ஓலைக்குள் சரசரத்தது. அவர்களுக்கு நடுவில், வீட்டிலிருந்து எழுந்து வந்திருந்த பச்சையம்மா.

"துப்புங்கடா! நானும் உங்களை மாதிரி மனுசன்தான்! வூட்டுக்குப் போங்க!" என்று கத்தினான் தருமலிங்கம்.

யாருக்கும் கோபம் வரவில்லை. அதுதான் முனியம்மாளைப் பயமுறுத்தியது. எல்லாக் கண்ணிலும் அன்பு. குப்பம்மா முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்தாள். பிள்ளைக்குச் சோறூட்டுகிற பக்குவத்தில் அவன் தாடையைத் திறந்து ஒரு பறியை வைத்தாள். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பிடிக்கத் தேவையில்லாமல் போயிற்று.

பிறகு இறங்கினார்கள். முழங்காலில். கைகளால் சேற்றைத் தடவிக்கொண்டு. முகத்துவாரத்துப் பக்கமாக. தண்ணீரின் இழுப்பு அதிகம் அங்கே. கால் ஊன்றாது.

தருமலிங்கம் முன்னால். யாரும் தலை நிமிரவில்லை.

"பச்சையம்மா! எங் கண்ணு, வாடி!"

இடுப்பளவுத் தண்ணீரில் மகள் நின்றாள். திரும்பினாள். வந்தாள். ஐயோ, வந்துவிட்டாள்! முனியம்மாள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். ஈர உடம்பு ஜில்லென்றிருந்தது.

மகளின் கையில் இன்னொரு பறி.

முனியம்மாள் திரும்பிப் பார்த்தாள். கரையில் ஒருத்தரும் இல்லை. ஒரு வீட்டிலும் புகை இல்லை. மகளின் கை இறுகியது.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

பச்சையம்மா பறியை உள்ளே வைத்தாள். சேறு. உப்பு. பல் தானாக மூடிக்கொண்டது.