மஞ்சும் இரண்டு குப்பி இரத்தமும்

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் பகலிலேயே மஞ்சு இறங்கிவிட்டது. மூடுபனியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஐந்தடி தள்ளி நிற்பவர்கூடத் தெரியமாட்டார். ஆகவே காய் எடுப்பவர்கள் "கூ" என்று குரல் கொடுப்பார்கள், மறுகுரல் வரவேண்டும்.

விடுமுறைக்கு அப்பாவோடு வந்திருந்த பத்து வயதுச் சூர்யகலா கூவினாள். அப்பா கன்னையனிடமிருந்து பதில் இல்லை.

மீண்டும் கூவினாள். இலைகள் மட்டும் சொட்டின.

"மூணாந்தடவ கூவாத, ஆத்தா," என்றார் பக்கத்து வரிசையில் காய் எடுத்துக்கொண்டிருந்த வீரையா. "அப்புறம் மஞ்சே உங்கப்பா குரல்ல பதில் சொல்லும்."

அவள் கூவினாள். பள்ளத்திலிருந்து ஒரு முனகல் வந்தது. வீரையா இரண்டடி பின்வாங்கினார். சூர்யகலா முனகல் வந்த பக்கமே ஓடினாள்.

அப்பா ஏலச்செடியின் தூரில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தார்.

"வாயுதான். வெரசா சரியாயிரும்."

"இந்தக் குளிர்ல எதுக்குப்பா வேர்க்குது?"

அவள் போட்ட கூச்சலில் ஆட்கள் ஓடிவந்தார்கள். ஜீப்பு வந்தது.

போடி மருத்துவமனையில் இ.சி.ஜி. தெளிவாக எதையும் காட்டவில்லை. வலியும் தணிந்திருந்தது.

"ரெண்டு குப்பி ரத்தம் வேணும்," என்றார் டாக்டர் சிவரஞ்சனி. "ஒண்ணு வழக்கமான சோதனைக்கு. இன்னொண்ணு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆராய்ச்சிக்கு. அது உங்க விருப்பம்."

கன்னையன் கட்டிலை விட்டு இறங்கினார். "ரத்தம் குடுத்துட்டு மலையேறுனா மஞ்சு நம்ம பேரச் சொல்லிக் கூப்பிடும். நான் மூணு மணி ஜீப்புக்குப் போறேன்."

"போனா வலி திரும்ப வரலாம். அங்க காப்பாத்த ஆளிருக்காது," என்றார் டாக்டர்.

"அந்த ஆர்.என்.ஏ. என்ன செய்யும் டாக்டர்?" என்று கேட்டாள் சூர்யகலா.

"ரொம்பச் சின்னத் துணுக்குங்க. செல்லுக்குள்ள போற கட்டளைகள அடக்கி வைக்கும். அளவு தப்புனா ரத்தக்குழாய் கெடலாம். இதயம் அடிபட்டா அதுல சிலது ரத்தத்துல கசியும்."

கன்னையனின் முகம் வெளுத்தது. "எனக்குள்ள இருந்துக்கிட்டு யாரோ 'பேசாத, பேசாத'ங்குறாகளா?"

"யாரோ இல்லப்பா. அது எல்லார் உடம்புலயும் இருக்கு," என்றாள் சூர்யகலா. "பள்ளத்துல நீங்க கூவ முடியாம முனகுனீங்க. உங்க நெஞ்சும் இப்ப முனகுதோ என்னவோ. ரத்தத்துலதான் அது கேக்கும். நான் வந்து பாத்தேன்ல? இவுகளும் பாக்கட்டும்."

அவர் மறுபடி கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு கையை நீட்டினார்.

"ரெண்டு குப்பியும் எடுத்துக்கங்க. ஆத்தா, ஊசி போடுறப்ப நீ எம் மூஞ்சியப் பாக்காத."

ஒரு மணி நேரத்தில் வழக்கமான சோதனையின் முடிவு வந்தது. மாரடைப்பால் இதயம் அடிபட்டிருந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள்.

ஆராய்ச்சிக் குப்பி மேசைமேல் பனிப்பெட்டியில் இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் சூர்யகலா குனிந்து அதனருகே காதை வைத்தாள். கழுத்து சில்லிட்டது. ஏதோ கரகரவென்று கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

கட்டிலில் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.