யாருக்குத் தண்ணி

எவ்வளவு தெளித்தாலும் வேர் பச்சையாகவில்லை.

குளியலறை ஜன்னலில், ஒரு மரத்துண்டில் கட்டித் தொங்கவிட்ட காட்டு ஆர்க்கிட் அது. மண்ணும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். காற்றில் ஆடும் வேர்களில் தண்ணீர் பட்டால் வெள்ளி நிறம் சட்டென்று பச்சையாகும். செடி குடித்துவிட்டது என்று அர்த்தம். இப்போதோ தரையெல்லாம் ஈரம், வேர் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அப்படியும் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. தையல்காரி மறுபடியும் தெளித்துப் பார்த்தாள்.

செடி அவளுடைய நாத்தனாருடையது. புயலில் முறிந்த கிளையோடு தெருவில் கிடந்ததை எடுத்து வந்து, தையல்காரியின் வெட்டுத்துணியால் கட்டி வளர்த்தாள். நோயில் விழுந்த பிறகும் அதிகாரத்துக்குக் குறைச்சல் இல்லை. பக்கத்து அறையில் படுத்தபடியே "தண்ணி!" என்று குரல் கொடுப்பாள். செடிக்குத் தெளிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"செடியும் ஒட்டுண்ணி, வளர்க்கறவங்களும் ஒட்டுண்ணி" என்று தையல்காரி ஒருநாள் வாய்விட்டுவிட்டாள்.

நாத்தனார் சிரித்தாள். "இது ஒட்டிக்கிட்டுதாம்மா இருக்கும், உறிஞ்சாது. என்னை மாதிரி."

அந்தக் கடைசி நாளில் பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்தன. தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே "தண்ணி" என்று கேட்டது. முணுமுணுத்துக்கொண்டே போய்ச் செடிக்குத் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் "தண்ணி." இந்தத் தடவை அதில் அதிகாரம் இல்லை. மெலிந்து, காய்ந்து, தொண்டையிலேயே ஒட்டிக்கொண்ட குரல். யாருக்குக் கேட்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. புரியத்தான் செய்தது.

"அதான் ஊத்தியாச்சே!" என்று கத்திவிட்டு மெஷினை வேகமாக மிதித்தாள்.

சீருடையை முடித்துவிட்டு எட்டிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முக்காலியில் டம்ளர் நிறையத் தண்ணீர். அதற்குச் சற்று முன்னால் நின்றுபோன கை.

"கடைசியா செடிக்குத் தண்ணி கேட்டாங்க" என்று கணவனிடம் சொன்னாள். பாவி மனுஷன் நம்பிவிட்டான். வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி அழுதான். அக்காவின் ஆசை என்று செடியைத் தலையில் வைத்துக் கொண்டாடினான். ஒவ்வொரு தடவையும் உண்மை அவள் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

இன்று சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வெளிச்சம் மங்க மங்க பூவின் வாசனை ஏறியது. தேனும் ஈரப் பஞ்சும் கலந்தது போல, பின்னால் லேசாக மருந்து நெடியும் சேர்ந்திருந்தது. அவள் ஜன்னலருகே போய் முகர்ந்து பார்த்தாள். பூவில் வாசனையே இல்லை.

வாசனை, சாத்தியிருந்த நாத்தனாரின் அறையிலிருந்து வந்தது.

"தண்ணி."

மெஷின் ஓடவில்லை. தப்பாகக் கேட்க வழியில்லை.

டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். குளியலறைச் சுவரின் காற்றுத் துவாரம் வழியாக வேர்கள் இறங்கியிருந்தன. கட்டில் முழுக்க. வெள்ளையாக. தலையணையில் ஒரு பள்ளம். கட்டில் ஓரத்தில் ஐந்து வேர்கள், முக்காலியை நோக்கி.

"அக்கா, மன்னிச்சிடுங்க. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

பள்ளத்தில் தண்ணீரைச் சரித்தாள். வேர் குடித்தது. தலையணையிலிருந்து பச்சை இறங்கியது. கழுத்து. தோள். முழங்கை. ஐந்து வேர்களும் பச்சையாகி, அவள் மணிக்கட்டை மென்மையாகப் பற்றின.

டம்ளர் காலி. பச்சை நிற்கவில்லை. அவள் உதடு வெடித்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. விரல்கள் வெளுத்துச் சுருங்கின.

வாசல் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம். கணவன்.

அவன் பெயர் வாயில் வரவில்லை. உதவி என்ற சொல்லும் வரவில்லை. ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது.

"தண்ணி..."

"இதோ, தெளிச்சிடறேன்மா!" என்றான் அவன்.

சுவருக்கு அந்தப்பக்கம், செடியின் மேல், ஸ்ஸ்... ஸ்ஸ்... என்று தண்ணீர் விழ ஆரம்பித்தது.