பதினேழாம் வீட்டின் மூச்சு

காலை பதினொரு மணிக்குப் பதினேழாம் வீட்டில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் தேநீர்க் கோப்பையைத் தன் வீட்டு மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனாள். நாற்பது வீடுகள், நாற்பது கோடுகள். ஒவ்வொரு வீட்டிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு காற்றுமானி சுவரில் மாட்டியிருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு முறை அறையின் காற்றை முகர்ந்து பார்த்து அது எண்களை அனுப்பும். வீட்டுக்காரர்களுக்கு எண்கள் வேண்டாம். அவர்களுக்குப் பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு; சிவப்பு வந்தால் கூடவே ஒரு கீச்சொலி. எண்களின் கோட்டைப் படிப்பது அவள் வேலை. ஆளில்லாத அறையின் கோடு அசையாத தண்ணீர் மாதிரி கிடக்கும். கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் உள்ளே இருந்தால், அவர் விடும் மூச்சு சேரச் சேரக் கோடு மெல்ல ஏறும். ஏறும் விதத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது ஒருவரா இருவரா, தூங்குகிறாரா நடமாடுகிறாரா என்று அவள் சொல்லிவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பெயர்.

பதினேழாம் கோடு இரண்டு மாதமாக இல்லை. அந்த வீட்டுப் பெட்டி, பேட்டரி கழற்றப்பட்டு, அலுவலக ஸ்டோரின் இரும்பு அலமாரியில் கிடந்தது. இன்று காலை எட்டு பத்திலிருந்து அந்தக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. ஒரே ஆள். நிதானமான, அவசரமில்லாத மூச்சு.

ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டாள்.

"பதினேழாம் நம்பர் பெட்டியை யாராவது எடுத்தாங்களா?"

"யாரு மேடம் எடுக்கப் போறா? சனிக்கிழமை. நானும் எலிகளும்தான் டியூட்டி." சாவிக்கொத்து குலுங்கியது, இரும்புக் கதவு முனகியது. "இதோ இருக்கு. பேட்டரி இல்ல. ஆனா..."

"ஆனா என்ன?"

"கண்ணாடிக்கு உள்பக்கமா வேர்த்திருக்கு." அவர் சிரித்தார். "ரெண்டு மாசம் பூட்டி வச்சா யாருக்குத்தான் வேர்க்காது, சொல்லுங்க."

அவள் நன்றி சொல்லாமலே போனை வைத்தாள்.

பதினேழாம் வீடு ஒரு தையல்காரருடையது. கடையும் வீடும் ஒரே அறை. சோதனைக்காக இலவசமாகக் கொடுத்த பெட்டியை அவர் சாமான் என்று நினைக்கவில்லை, விருந்தாளி என்று நினைத்தார். தினமும் துடைத்து வைப்பார். சோதனையின் முதல் மாதம் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே புகார்: பெட்டி ஓயாமல் கத்துகிறது. தாளித்தால் கத்துகிறது, கொசுவத்தி ஏற்றினால் கத்துகிறது. கத்துகிற பொருளை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று மேலாளர் கேட்டார். வழி கண்டுபிடித்தவள் அவள்தான். கத்தும்போது பொத்தானை மூன்று முறை அழுத்தினால் போதும். அந்த நேரத்தில் அறையில் இருக்கும் காற்றையே அந்த வீட்டின் இயல்பான காற்று என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். பிறகு பச்சைதான். சமையல் புகைக்கு மட்டும் அதைப் பொருத்தியிருக்க வேண்டும். வாரக் கடைசிக்குள் முடிக்கச் சொன்னார்கள்; எல்லா வாயுவுக்கும் சேர்த்தே பொருத்திவிட்டாள். அந்த ஏற்பாட்டுக்குப் 'பழக்கம்' என்று பெயர் வைத்தாள். கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள்.

பக்கத்துக் கடைக்காரன் ஜெனரேட்டரைத் தையல்காரரின் பின் ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தது அதற்கு மறுவாரம். அன்று அவர் போன் செய்தார். அவள் கூட்டத்தில் இருந்தாள்.

"அம்மா, பெட்டி செவப்பா கத்துதும்மா. தலை வேற கனக்குது."

"மூணு தடவை அமுக்குங்கண்ணே. அது உங்க வீட்டைப் பழகிக்கும்."

"பழகிக்குமா?"

"பழகிக்கும்ணே. மீட்டிங்ல இருக்கேன், வைக்கட்டுமா?"

"சரிம்மா. நீங்க படிச்சவங்க."

மறுநாள் மெஷின்மேல் கவிழ்ந்து கிடந்தாராம். மாரடைப்பு என்று எழுதினார்கள். கேட்க ஆளில்லாத மனிதர். அவள் அன்றைய கோட்டைப் பார்த்தாள், யாரிடமும் காட்டவில்லை. ஜெனரேட்டர் புகையின் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. அதற்குக் கீழே மூச்சின் கோடு ஏறி, தயங்கி, நின்றிருந்தது. விளக்கின் பதிவு கடைசி வரை பச்சை. அறிக்கையில் ஒரே வரி எழுதினாள்: 'பதினேழாம் வீடு சோதனையிலிருந்து தானாக விலகிக்கொண்டது.'

இப்போது அந்த வீடு ஏறிக்கொண்டிருந்தது.

கருவிக் கோளாறு, அவ்வளவுதான். வேறொரு வீட்டின் எண்கள் இடம் மாறி இதில் விழுகின்றன. அப்படியானால் அந்த வேறொரு வீட்டின் கோடு வெறுமையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். எல்லா வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள், சமைத்தார்கள், ஜன்னல் திறந்தார்கள். கடைசிக் கோடு தண்ணீராகக் கிடந்தது. காலை எட்டு பத்திலிருந்து.

நாற்பதாம் வீடு. அவளுடைய வீடு.

நாற்பதாம் பெட்டி உள்ளறையில், தம்பியின் தலைமாட்டுச் சுவரில் இருந்தது. அவன் இரவுப் பேருந்து ஓட்டுகிறவன். பகலில் தூங்குவதற்காக ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டி வைத்திருந்தான். காலையில் வந்து சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்குக் கதவைச் சாத்தும்போது சொன்னான்: "என் குறட்டையையும் இது எழுதுதாக்கா? உங்க மேனேஜருக்கு அனுப்பிடாத. தூக்கம் வராம தவிப்பாரு." அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அவள் கையால் சோறு தின்று வளர்ந்த பிள்ளை. அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்.

ஆள் தூங்கும் அறையில் ஆளில்லை என்கிறது பெட்டி.

கூடத்தைக் கடந்து போய் உள்ளறைக் கதவைத் திறந்தாள். வெளியே பட்டப்பகல், யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம், மேல்மாடியில் தண்ணீர் நிரம்பி வழியும் சத்தம். வாசற்படியைத் தாண்டியதும் அவையெல்லாம் கம்பளி போட்டு மூடியதுபோல அமுங்கிப்போக, மின்விசிறியின் கடகடப்பும் இருட்டும் மட்டும் மிஞ்சின, அந்த இருட்டில் தம்பியின் எண்ணெய்த் தலை வாசனை இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணிமேல் சூடான இஸ்திரிப்பெட்டி ஓடும்போது எழும் வாசனை நின்றது. பெட்டியில் பச்சை விளக்கு. அதன் வெளிச்சத்தில் தம்பியின் மார்பு ஏறி இறங்கியது. குறட்டை இல்லை.

"டேய் தம்பி."

"ம்."

"எழுந்திரு. தலை வலிக்குதா?"

"வலிக்கல." வார்த்தைகள் தொலைவிலிருந்து வந்தன. "கனக்குது."

அவள் கறுப்புத் தாளைக் கிழித்தாள். நகம் மடங்கியது. ஜன்னலின் இரண்டு கதவையும் சுவரில் மோதத் திறந்தாள். வெயிலும் காற்றும் தெருவின் இரைச்சலும் உள்ளே கொட்டின. ஜன்னலுக்குக் கீழே எட்டிப் பார்த்தாள். எந்த இயந்திரமும் இல்லை, புகையும் இல்லை. தம்பி கண்ணைச் சுருக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள்; திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தாள். பேருந்தையே தூக்குவதுபோல் இருந்தது.

திரும்ப ஓடிவந்து திரையைப் பார்த்தாள். ஜன்னல் திறந்தால் கோடு இறங்கும். எந்த வீடானாலும் இறங்கும். நான்கு வருடத்தில் அது ஒரு முறைகூடத் தவறியதில்லை.

நாற்பது அசையவில்லை. பதினேழு ஏறியது. முன்பைவிட வேகமாக ஏறியது, நெடுநாள் மூச்சடக்கியவன் ஒருவன் வாய் நிறைய அள்ளிக்கொள்வதுபோல.

அவன் மூச்சு இங்கே வரவில்லை. அங்கே போகிறது.

"அண்ணே." திரையைப் பார்த்துத்தான் சொன்னாள். "அவனை விட்டுடுங்கண்ணே. அவன் ஒன்னும் பண்ணல."

கோடு ஏறுவது நின்றது. கேட்டுக்கொண்டு நிற்பதுபோல நின்றது.

அவருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அறிக்கையைத் திறந்து, அந்த ஒற்றை வரியை அழித்து எழுதினாள். பதினேழாம் வீட்டுக்காரர் நச்சுப்புகையில் இறந்தார். பெட்டி பச்சை காட்டியது. அழுத்தச் சொன்னது நான். உள்ளறையிலிருந்து ஒரு குறட்டை கேட்டது. அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. நாற்பதாம் கோடு ஒரு நூலளவு தலைதூக்கியது.

போன் அடித்தது. மேலாளர்.

"ரிப்போர்ட் திறந்திருக்குன்னு காட்டுதேம்மா. ஏதாவது மாத்துறியா? திங்கக்கிழமை பெட்டி கடைக்கு வருது. ரெண்டு லட்சம் பெட்டி லாரில ஏறியாச்சு."

அவள் திரையைப் பார்த்தாள். உள்ளறையில் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. ஜன்னல் திறந்திருக்கிறது. கருவிக் கோளாறுதான். வெறும் எண்கள்தானே. நான்கு வருட உழைப்பு.

"சும்மா எழுத்துப்பிழை பார்த்தேன் சார்."

"அதானே. உன்னை நம்பித்தான் இருக்கோம்."

எழுதியதை அழித்தாள். பழைய வரியை அதன் இடத்தில் வைத்தாள். தானாக விலகிக்கொண்டது. சேமித்தாள்.

குறட்டை நின்றது.

பதினேழாம் கோடு விழுந்தது. சரிந்து இறங்கவில்லை, கதவைத் திறந்துகொண்டு ஆள் வெளியே வந்துவிட்ட அறையின் கோடு மாதிரி, ஒரே வெட்டாக விழுந்து தண்ணீரானது. அங்கே யாரும் இல்லை. நாற்பதும் தண்ணீர். இங்கேயும் யாரும் இல்லை.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது.

பாதங்கள் தரையைத் தொட்டன. ஒன்று. இன்னொன்று.

தம்பி வாசற்படியில் வந்து நின்றான். முகம் கழுவியதுபோல வெளுத்திருந்தது. உதட்டோரம் மட்டும் நீலம். மார்பு ஏறியது. இறங்கியது. மிதிக்கிற காலுக்கு ஏறி இறங்கும் தையல் மெஷின் பலகை மாதிரி.

"என்னடா, பயமுறுத்துற." அருகே போனாள். உள்ளங்கையை அவன் மூக்குக்குக் கீழே கொண்டுபோனாள்.

காற்று இல்லை.

மார்பு ஏறியது. இறங்கியது.

காற்று இல்லை. சூடும் இல்லை.

"தம்பி."

பின்வாங்க நினைத்தாள். கால் நகரவில்லை.

அவன் கை உயர்ந்தது. பேருந்து ஓட்டிக் காய்த்துப்போன கை. ஆனால் உயர்ந்த விதம் அவனுடையது இல்லை. மரியாதையான கை. பெண்கள்மேல் படாமல் அளவெடுத்துப் பழகிய கை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்து சாணாகின. அவள் வலது தோளுக்கு மேலே, துணிமேல் படாமல், நின்றன. அங்கிருந்து இடது தோள்வரை சாண் சாணாகப் போயின. பிறகு தோளிலிருந்து முழங்கைவரை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை. அவசரமே இல்லை. திறந்த ஜன்னல் வழியே உள்ளறைக்குள் வெயில் அடித்தது. தெருவில் யாரோ சிரித்தார்கள்.

கடைசியாக விரல்கள் அவள் கழுத்துக்கு வந்தன.

அங்கே மட்டும் தொட்டன.

அங்கே மட்டும் இரண்டு முறை அளந்தன.