மத்தியானம் பேசியவள்

"மத்தியானம் எங்களோடு பேசியதற்கு நன்றி, செந்தாமரை."

கைப்பேசியில் அந்த வரி வந்து விழுந்தபோது செந்தாமரை புதுவயல் அரிசி ஆலையின் அலுவலக அறையில் லாரி பில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவள் யாரோடும் பேசவில்லை. லாரிக்காரர்களைத் திட்டியதோடு சரி.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நெல் வேகிற ஆவி ஜன்னல் கம்பி வழியாக உள்ளே நுழைந்து ஈரச் சாக்கு வாடையோடு கழுத்தில் ஒட்ட, அரைவை இயந்திரத்தின் அதிர்வு நாற்காலிக் கால் வழியே ஏறி முதுகுத்தண்டில் நின்றது.

செய்தி வந்தது கிரிப்டோ பணம் போட்டு வைக்கும் வாலட் செயலியிலிருந்து. நடத்துகிறவன் யார், எந்த ஊர், ஒன்றும் கிடையாது. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் முதல் பட்டதாரி அவள். வங்கியோ வேலையோ, போன இடமெல்லாம் "நீ யாரு மக, எந்தத் தெரு?" என்றுதான் தொடங்கினார்கள். கேட்காத ஒரே இடம் அது. கொதிகலனில் வெந்து செத்த அப்பாவுக்கு வந்த நஷ்ட ஈட்டில் பாதியை அதில் போட்டாள். மறுபாதி அம்மா காளியாயி பெயரில் வங்கியில் கிடந்தது. அம்மாவால் இனி உழைக்க முடியாது. அந்தப் பாதிதான் அவளுக்குச் சோறு.

போன வாரம் பணத்தை எடுக்கப் பார்த்தபோது செயலி விடவில்லை. உதவிக்கு வந்தவன் தன் பெயர் காளிராஜ் என்றான். குரல் மட்டும்தான்.

"நம்ம பக்கத்து ஆளுதான் தாயி, பயப்படாதீக. நீங்கதான்னு உறுதிப்படுத்தணும். மூஞ்சியக் காட்டிப் பேசி ஒரு வீடியோ அனுப்புங்க."

"மொதல்ல நீங்க சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. அப்பறம் பாக்கலாம்."

கருப்பர் பெயரைச் சொல்லி எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு பேச்சில்லை; வரப்புச் சண்டைகூட அதோடு தீரும். சற்று நேரத்தில் வீடியோ வந்தது. ஒரு கை, ஒரு சூடம், ஒரு சத்தியம்.

"இப்ப நீங்களும் பண்ணணும்ல? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல தாயி."

முறைதான். கேமராவைப் பார்த்து, தன் பெயர், அம்மா பெயர், குலசாமி பெயர் சொல்லி அவளும் அணைத்தாள். அவன் அனுப்பியதில் கை மட்டுமே இருந்தது, முகம் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

இப்போது செயலியைத் திறந்தாள். வாலட் காலியாக இருந்தது; மத்தியானம் வீடியோ அழைப்பில் அவள் முகம் பார்த்துப் பணம் விடுவித்ததாகக் குறிப்பு கிடந்தது. காளிராஜுக்கு எழுதினாள், அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது. படுபாவி, சாமியையும் சேர்த்து விற்றுவிட்டான். அம்மாவுக்குப் போன் போட்டாள். வேறொரு அழைப்பில் இருந்தாள். மறுபடியும் போட்டாள். அதே பதில். அம்மாவுக்குப் போன் செய்ய அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

நெல் காயப்போடும் வீரலட்சுமி தலைத்துணியை உதறிக்கொண்டு வாசலில் நின்றாள். "என்ன தாயி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? ஒங்கம்மாகூட நல்லாச் சிரிச்சுத்தான பேசிக்கிட்டிருந்த?"

"எப்பக்கா?"

"இப்பத்தான். ஒங்க வீட்டுக்குத் தண்ணி குடிக்கப் போனேன். நீ வீடியோவுல இருந்த. கால் வீக்கம் வத்திருச்சாக்கான்னு என்னையும் விசாரிச்ச. இந்தா இருக்கிற வீட்டுக்குப் போன் போட்டுப் பேசுற. படிச்ச புள்ளைகளுக்கு நடக்கத்தான் வலிக்குது."

செந்தாமரை ஓடினாள். உமிச்சாம்பல் கருக்கலில் இறங்கி முகத்திலும் வாயிலும் படிந்தது. தெருவிளக்கு எரியவில்லை. நாய்கள் குரைக்கவில்லை.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே அவள் குரல்.

"அவசரமில்லம்மா. கண்ணாடியப் போட்டுக்க. ஒம் போனுக்கு பேங்குல இருந்து ஒரு நம்பர் வந்துருக்கும், மெதுவா வாசி."

அவ்வளவு பொறுமையாக அவள் அம்மாவிடம் ஒருநாளும் பேசியதில்லை.

"அம்மா, வாசிக்காத."

அம்மா திரும்பினாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த போனில் அந்த முகமும் திரும்பியது. அவள் முகம். கேமராவையல்ல, வாசலைப் பார்த்தது.

"எம் மூஞ்சி மாதிரியே வச்சுக்கிட்டு ஏமாத்த வருவாகன்னு சொன்னேன்லம்மா," என்றது. குரல் தழுதழுத்தது. "வந்துருச்சு."

"அம்மா, நான்தான். என்னையப் பாரு."

அம்மா பார்த்தாள். சாம்பல் அப்பிய முகத்தை. மூச்சிரைக்கும் வாயை. கதவருகே வந்தாள்.

"எதுக்குத் தாயி கத்துற? எம் மக இப்பல்லாம் கத்துறதில்ல."

தாழ் விழுந்தது.

செந்தாமரை ஜன்னலுக்கு ஓடிக் கம்பியைப் பிடித்தாள். அம்மா ஒவ்வோர் எண்ணாக வாசித்துக்கொண்டிருந்தாள். போனில் அந்த முகம் அழுதது. அழுதுகொண்டே இமைக்காமல் ஜன்னலைப் பார்த்தது.

"அழுகாத தாயி," என்று அம்மா முந்தானையால் போன் திரையில் அதன் கன்னத்தைத் துடைத்தாள்.

முந்தானை நனைந்திருந்தது.